மட்டக்களப்பில் 1937 'அம்பிகாபதி': வசனமும் பாட்டும் சபைக்குக் கேட்க என்ன செய்யலாம்?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வாசகர் வட்டம் நகருக்குள்ள ஒரு மண்டபத்தில் பழைய பேசும்படம் ஒன்று போட இருக்கிறது. அந்தஸ்து தாண்டிய காதல்தான் பேசுபொருள். தெரிந்தெடுத்தது 1937 'அம்பிகாபதி': எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், கம்பரின் மகன் அம்பிகாபதியாக எம்.கே. தியாகராஜ பாகவதர், சோழ இளவரசி அமராவதியாக எம்.ஆர். சந்தானலட்சுமி.

மண்டபம் 45 அடி நீளம், 25 அடி அகலம். அஸ்பெஸ்டஸ் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர், 6 சீலிங் ஃபேன், 80 கதிரை. திரை 12 அடி அகலம், 16:9. நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர் ஏற்கெனவே பூட்டியிருக்கு. ஃபைல் டி.வி.டி.யில் இருந்து எடுத்தது, விநாடிக்கு 25 பிரேம். ஹெட்ஃபோனில் கேட்டால் வசனம் விளங்குது, மண்டபத்தில் போட்டால் ஒரே இரைச்சல். வட்டத்தில் பாதிப் பேர் 1957இல் சிவாஜி நடித்த 'அம்பிகாபதி'யையே போடுவோம் என்று நிற்கிறார்கள். கையில் காசு குறைவு. முதலில் எதில் கை வைக்க வேணும்?

கல்லடி ரீல்:

படத்தைச் சரிபண்ணக் காசே தேவையில்லை தம்பி, அதை முதலில் முடித்துவிடுங்க. அந்தக் காலப் பேசும்படத்தின் சட்டம் 1.37க்கு 1. உங்கட திரை 1.78க்கு 1. புரொஜெக்டரை 'ஃபுல்' என்று விட்டால் எல்லா முகமும் 30 வீதம் வீங்கும். சில ரி.வி. பிரதிகள் வேறு மாதிரி: அகலத்தை நிரப்ப மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், உயரத்தில் கால்வாசி போய்விடும். கிரீடமும் நெற்றியும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு தேடுங்க, வெட்டினதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

உங்கட 12 அடித் திரையின் உயரம் 6 அடி 9 அங்குலம். அந்த உயரத்துக்குச் சரியான பட அகலம் 9 அடி 3 அங்குலம். இரண்டு பக்கமும் பதினாறரை அங்குலம் மிஞ்சும். அதை வெறுமனே விட்டால் புரொஜெக்டரின் சாம்பல் வெளிச்சம் அதில் படிந்து படம் மங்கலாகத் தெரியும். கறுப்புத் துணி இரண்டு கீலம் தொங்கவிடுங்க. அதே படம் உடனே அழுத்தமாகத் தெரியும்.

புரொஜெக்டரில் 'டைனமிக்' முறையை அணைக்க வேணும். பழைய பிரதிகளில் காட்சிக்குக் காட்சி வெளிச்சம் ஏறி இறங்கும், டைனமிக் அதைத் துரத்திக்கொண்டு தானும் ஏறி இறங்கும், கண் நோகும். 'ஷார்ப்னஸ்' ஆகக் குறைய வையுங்க. இல்லாவிட்டால் பிரதியின் புள்ளியும் கீறலும்தான் கூர்மையாகும், முகம் கூர்மையாகாது. இரவுக் காட்சிகளைப் போட்டுப் பார்த்துக் கறுப்பு அளவைக் கொஞ்சம் தூக்குங்க. இருட்டில் நிற்கிறவரின் தோள்கோடு தெரிகிற அளவு போதும்.

அக்கரை ஒலி:

கல்லடியார் சொன்னது சரி, ஆனால் இந்தப் படத்தைக் காப்பாற்றுவதும் கொல்லுவதும் ஒலிதான். உள்ள காசை அதில் போடுங்க.

முதல் வேலை: நாலு மூலை ஸ்பீக்கரையும் அணையுங்க. இது ஒற்றைத்தட (மோனோ) ஒலி. திரைப்பக்கம் இருந்து புறப்படும் குரல் 45 அடி தாண்டிப் பின்வரிசைக்கு வர ஏறக்குறைய 40 மில்லிவிநாடி எடுக்கும். பின்மூலை ஸ்பீக்கரின் குரல் அதற்கு முன்னமே காதுக்குள் போய்விடும். ஒரே சொல் இரண்டு தரம் விழும், மெய்யெழுத்து எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். உங்களுக்குக் கேட்ட இரைச்சலில் பாதி அதுதான். ஒரே ஒரு 12 அங்குல பவர்ட் ஸ்பீக்கரை (அம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) வாடகைக்கு எடுத்துத் திரைக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில், அதன் ஹோர்ன் (மேல்சத்தம் வரும் வாய்) ஆட்களின் தலைக்கு மேலால் போகிற உயரத்தில், ஆறு ஏழு அடியில் வையுங்க. 80 பேருக்கு அது தாராளம். இரண்டு வைத்தால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது.

அடுத்தது பின்சுவர். மருதமுனைக் கைத்தறிப் போர்வை, தடித்த திரைச்சீலை, எது கிடைத்தாலும் சரி. சுவரோடு ஒட்டித் தொங்கவிட வேண்டாம். 4 அங்குலம் இடைவெளி விட்டு, சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேணும். ஒட்டிய துணி ஆக மேல்சத்தத்தை மட்டும்தான் உறிஞ்சும். பேச்சுக்குரலின் நடுப்பகுதியைப் பிடிப்பது அந்த இடைவெளிதான்.

பிறகு ஈக்குவலைசர், அதாவது மேல்சத்தம் கீழ்ச்சத்தத்தைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு. 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டுங்க, அங்கே இரைச்சலும் உறுமலும்தான் இருக்கு. 6,000, 7,000 ஹெர்ட்சுக்கு மேலேயும் வெட்டுங்க, அந்தக் கால ஃபிலிம் ஒலித்தடத்தில் அதற்கு மேல் குரல் கிடையாது, 'உஸ்' மட்டும்தான். 2,000க்கும் 3,000க்கும் இடையில் 3 டெசிபல் ஏற்றினால் க, ச, ட, த எல்லாம் பிரிந்து கேட்கும். மண்டபம் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தால் 300 பக்கம் 3 டெசிபல் இறக்குங்க. இதற்கு மேல் இரைச்சல் நீக்கும் மென்பொருள் எல்லாம் போட வேண்டாம். பாகவதரின் மேல்ஸ்தாயிப் பிருகாவை (விரைந்து உருளும் சுரங்களை) அது இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும்.

ஆரையூர்:

நானா, ஒரே காட்சிக்குள்ளயே குரல் கூடிக் குறையுதே, அது பிரதியின் பழுதா?

அக்கரை ஒலி:

பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே அப்படித்தான் தம்பி. தலைக்கு மேலே தொங்கும் ஒரு மைக், அதைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்க வேணும். ஆள் தலையைத் திருப்பினால் குரல் இறங்கும், இரண்டடி தள்ளினால் இன்னும் இறங்கும். பழைய பேசும்படங்களில் ஆட்கள் ஓரிடத்தில் நட்டுவைத்ததுபோல் நின்று பேசுவதற்கு நாடக மேடைப் பழக்கம் பாதிக் காரணம், மைக் மீதிக் காரணம். மிக்சரில் கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) இருந்தால் 2க்கு 1 போதும். 4க்கு 1 போட்டால் பேச்சுக்கு இடையில் உள்ள அமைதியிலும் 'உஸ்' பொங்கிக்கொண்டு வரும்.

காரைதீவு:

1957 படம் போட வேணும் என்கிறவர்களுக்கு ஒரு பதில். பி. நீலகண்டன் இயக்கிய அந்தப் படத்தில் ஒலி தெளிவு. ஜி. ராமநாதன் இசையும் சிவாஜி, பானுமதி நடிப்பும் தனி அழகு. ஆனால் நீங்கள் பேசப்போகிற விஷயத்துக்கு 1937 படம்தான் பொருத்தம். 1957இல் பாடுகிற குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது, உடல் சிவாஜியுடையது. 1937இல் இரண்டும் ஒரே ஆள். புலவன் மகனிடம் நாடில்லை, படையில்லை, குரல் ஒன்றுதான் சொத்து. அந்தச் சொத்து அவனுடைய தொண்டையிலிருந்தே வருவதைச் சபை பார்க்க வேணும்.

இன்னொன்று வசனம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' கதையும் இளவரசிக்கும் இடையனுக்கும் நடக்கும் கல்யாணம்தான். அதில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள். அதன் பிரதியும் இன்று கிடையாது. ஆறே வருஷத்தில் 'அம்பிகாபதி'க்கு இளங்கோவன் எழுதிய வசனம் தனி இலக்கியமாக நிற்கிறது. டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவர் செகசிற்பியாரின் (ஷேக்ஸ்பியரின்) ரோமியோ ஜூலியட்டை முன்னால் வைக்க, இளங்கோவன் அதைத் தமிழ் மரபுக்குள் கொண்டுவந்தார். உப்பரிகைக் காட்சி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே வந்ததும் அந்தக் காட்சியின் பொருள் மாறிவிட்டது. ரோமியோவும் ஜூலியட்டும் சமமான இரண்டு வீட்டுப் பிள்ளைகள், பிரித்தது குடும்பப் பகை. அமராவதி சோழன் மகள், அம்பிகாபதி அந்தச் சோழனின் தயவில் வாழும் கவிஞரின் மகன். மேலே அவள், கீழே அவன் என்ற அந்த உயர வித்தியாசமே இங்கே அந்தஸ்து ஆகிவிடுகிறது. அறிமுக உரையில் இதை இரண்டு நிமிடம் சொன்னால் போதும், சபை பிடித்துக்கொள்ளும்.

எங்கட ஊர் சுவாமி விபுலாநந்தர் 1926லேயே மதங்க சூளாமணியில் செகசிற்பியார் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து விளக்கியவர். கிழக்கில் இந்தப் படத்தை அறிமுகம் செய்ய அதைவிட நல்ல வாசல் இல்லை.

களரி:

காரைதீவு அக்கா சொன்ன வசனப் பெருமையோடு உடன்படுகிறேன். ஆனால் படத்தின் அச்சாணி உப்பரிகைக் காட்சியில் இல்லை, கடைசிப் பரீட்சையில் இருக்கு. குலோத்துங்கனின் சபை தமிழைத் தலையில் வைத்திருக்கும் சபை. கம்பர் அங்கே இருக்கிறார். அந்த இடத்தில் "உன் பிறப்புக் குறைவு" என்று அரசன் பச்சையாகச் சொல்ல முடியாது. அதனால் பிறப்பைப் பரீட்சையாக மாற்றுகிறான்: சிற்றின்பம் கலக்காமல் 100 பாட்டுப் பாடு, பெண்ணைத் தருகிறேன். அமராவதி எண்ணிக்கொண்டிருக்கிறாள். முதலில் பாடிய காப்பையும் (கடவுள் வாழ்த்து) சேர்த்து எண்ணிவிடுகிறாள். 99 முடிந்ததும் 100 ஆயிற்று என்று வெளியே வருகிறாள், அவன் அவளைக் கண்டு சிற்றின்பம் கலந்து பாடிவிடுகிறான், கதை முடிகிறது. அவன் தமிழில் தோற்கவில்லை. கணக்குப் பிழைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தஸ்து தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இது வரலாறு இல்லை, வாய்மொழியாக வந்த கதை. அறிமுகத்தில் இதையும் சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் கலந்துரையாடல் முழுக்கக் கம்பர் எந்தச் சோழன் காலம் என்ற வாதத்திலேயே போய்விடும்.

மட்டக்களப்புச் சபைக்கு ஒரு வசதி இருக்கு. வடமோடியோ தென்மோடியோ, காப்பு விருத்தம் பாடித்தான் கூத்துத் தொடங்கும், அது கதைக்கு வெளியே நிற்பது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆகவே காப்பைக் கணக்கில் சேர்த்ததன் கொடுமை இங்கே விளக்கம் இல்லாமலே உறைக்கும். ஒரு வசதியீனமும் இருக்கு. கூத்தில் ஆட்டக்காரர் ஒரு அடி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள், முதல் தரம் தவறவிட்ட சொல் இரண்டாம் தரம் காதில் விழும். படத்தில் அந்த இரண்டாம் தரம் இல்லை. அதனால் பாட்டுப் புத்தகம் கட்டாயம் வேணும். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலிலேயே விற்றார்கள்.

வாவிக்கரை:

நன்றி சேர். பாட்டு வரிகளை அப்படியே அச்சடிக்கலாமா? எழுபது வருஷத்துக்கு மேலே போன படம்தானே.

கல்லடி ரீல்:

படம் வேறு, பாட்டு வேறு தம்பி. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இங்கே ஒலி ஒளிப் படைப்புக்கு வெளிவந்ததிலிருந்து 70 ஆண்டு, அது 2007இல் முடிந்தது. எழுதினவரின் படைப்புக்கு அவர் இறந்து 70 ஆண்டு. பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் காலமானது 1973. ஆகவே வரிகளை அச்சடிக்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் யாரைப் பார்த்து, எந்த நேரத்தில், என்ன சொல்லிப் பாடுகிறார் என்று உங்கட சொல்லில் இரண்டு மூன்று வரி போடுங்க. பரீட்சைக் காட்சிக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்க. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஒரு தாளுக்கு 4 பக்கம். 4 தாளில் 16 பக்கப் புத்தகம் வந்துவிடும். 80 பேருக்கு 320 தாள், இரண்டு பக்கமும் அச்சு. எழுத்தைப் பெரிதாகப் போடுங்க, இருட்டில் திரை வெளிச்சத்தில்தான் வாசிக்கப்போகிறார்கள்.

நுழைவுச்சீட்டு விற்பதாக இருந்தால் மாநகர சபையில் கேளிக்கை வரியையும் கேட்டுக்கொள்ளுங்க.

ஆரையூர்:

வசனத்துக்கு அடியில் தமிழிலேயே எழுத்துப் போட்டால் என்ன?

காரைதீவு:

போடலாம், முழுதுக்கும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் எழுத்து வந்தால் கண் அடியிலேயே நிற்கும், சந்தானலட்சுமியின் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். செருகளத்தூர் சாமா கம்பராகப் பேசும் இடங்கள், டி.எஸ். பாலையாவின் ருத்ரசேனன் சூழ்ச்சி செய்யும் இடங்கள், பரீட்சை, இந்த மூன்றுக்கும் போதும். என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் வரும் இடங்களில் எழுத்து வேண்டவே வேண்டாம். நகைச்சுவையை முன்கூட்டியே வாசித்தால் சிரிப்பு செத்துப்போகும்.

கல்லடி ரீல்:

எழுத்து ஃபைலை யூ.ரி.எஃப்-8 (யூனிகோட்) ஆகச் சேமிக்க வேணும், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான் வரும். சில பிளேயர்கள் கொம்பையும் காலையும் பிரித்து எழுதும், ஆகவே மண்டபத்தில் ஓடப்போகிற அதே லப்டொப்பில் பார்த்துக்கொள்ளுங்க. ஒரு தரத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

வேறு பிரதிக்குச் செய்த எழுத்து உங்கட ஃபைலுக்குப் பொருந்தாது. 1,000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். பழைய பிரதியில் ஆகக் கூடத் தேய்வதும் கிழிவதும் ரீலின் தலையும் வாலும். அங்கே வெட்டி ஒட்டி ஒட்டி ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு அளவு பிரேம் காணாமல் போயிருக்கும். அதனால் எழுத்து ஒரே சீராக விலகாது, படிப்படியாகத் துள்ளி விலகும். படம் திடீரென்று துள்ளுகிற இடங்களைக் குறித்து, ஒவ்வொரு துண்டாகத்தான் நேரத்தைச் சரிக்கட்ட வேணும்.

களரி:

25 பிரேம் என்றது எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டினால் பாகவதரின் சுருதி ஏறிவிடுமே?

அக்கரை ஒலி:

ஏறும் சேர். 24க்கு 25 என்றால் நூற்றுக்கு நாலு வேகம் கூட. சுருதி கிட்டத்தட்ட 0.7 அரைசுரம் ஏறும், அதாவது அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைய. இயல்பிலேயே மேலே பாடுகிறவர், இன்னும் மெலிந்து கீச்சென்று கேட்பார். பேச்சும் அவசரமாகத் தெரியும். வேகத்தை 0.96க்குக் கொண்டுவந்தால் 24க்கு வந்துவிடும். வி.எல்.சி. பிளேயரில் ஒரு வில்லங்கம் இருக்கு: வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் ஒரு அமைப்பு ஒலிப் பகுதியில் இருக்கும். அதை அணைக்காவிட்டால் படம் மெதுவாகும், குரல் மேலேயே நிற்கும்.

ஆனால் 25 என்று எழுதியிருக்கிற எல்லா ஃபைலும் வேகம் கூடினது இல்லை. ஆள் மெதுவாக நடக்கிற காட்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்க. 25 பிரேமுக்கு ஒருமுறை அதே படம் இரண்டு தரம் வந்தால் யாரோ ஒரு பிரேமைக் கூட்டிச் சரிக்கட்டியிருக்கிறார்கள், வேகத்தில் கை வைக்க வேண்டாம். அப்படி இரட்டிப்பு ஒன்றும் இல்லாவிட்டால் 0.96.

வாவிக்கரை:

நானா, பார்த்தேன், இரட்டிப்பு இல்லை. 0.96 போட்டதும் குரல் நிறைந்து கேட்குது. இன்னொரு சிக்கல். வாடகை ஸ்பீக்கரை லப்டொப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து பெரிய பிளக் வயரால் நேரே கொடுத்தால் குரல் தூரத்தில், கிணற்றுக்குள் கேட்பதுபோல் வருது. 'உஸ்' மட்டும் தெளிவாக இருக்கு.

அக்கரை ஒலி:

அந்த வயரின் இரண்டு முனையிலும் மூன்று உலோகப் பகுதி இருக்கும், பாருங்க. ஸ்பீக்கரின் அந்த ஓட்டை பேலன்ஸ்ட். இரண்டு கம்பியில் வருவதில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து எடுக்கும். உங்கட படம் ஒற்றைத்தடம், இடதும் வலதும் ஒன்று. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் குரல் போய்விடும், இரண்டிலும் ஒத்துவராத இரைச்சல் மட்டும் மிஞ்சும். சின்ன ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு மோனோ பிளக்காகப் பிரியும் வயர் வாங்குங்க. அதில் இடதுபக்கம் ஒன்றை மட்டும் குத்துங்க, மற்றதை வெறுமனே விடுங்க.

'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. நின்றால் அது எர்த் சுற்று. லப்டொப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுங்க, அதற்கும் அடங்காவிட்டால் ஒலி வயரின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் ஒன்று. பிளக்கின் எர்த் காலை மட்டும் உடைக்க வேண்டாம், உயிராபத்து. கரண்ட் போகும் நாளாக இருந்தால் புரொஜெக்டருக்கு யூ.பி.எஸ். போடுங்க. விளக்குச் சூட்டோடு ஃபேன் நின்றால் விளக்கின் ஆயுள் போகும்.

கல்லடி ரீல்:

திகதியையும் யோசியுங்க. கார்த்திகை, மார்கழி, தை வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரையில் மாரிமழை விழுந்தால் எந்த ஸ்பீக்கராலும் ஒன்றும் செய்ய ஏலாது. வெளியில் திரை கட்டலாம் என்று யாராவது சொன்னால், கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் 12 அடித் திரை பாய்மரமாகிவிடும், குரலையும் காற்று அள்ளிக்கொண்டு போகும். பங்குனி, சித்திரையில் மண்டபத்துக்குள் வையுங்க. பக்கத்துக் கோயிலில் திருவிழா இருக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்க.

காரைதீவு:

இடைவேளையைப் பரீட்சைக்குக் கிட்ட வைக்க வேண்டாம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இருக்கிற சபை 10 நிமிடம் கதைத்துக்கொண்டே இருக்கும், காப்பு அந்தக் கதைச் சத்தத்தில் போய்விடும். படத்தின் நடுவுக்குச் சற்று முன்னால், ஒரு பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்துங்க.

கலந்துரையாடலுக்கு நீதி எது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குலம் பிரிக்கும் குடி முறையும், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்ற வரிசையும் தெரிந்த சபை இது. யாருக்கு எந்த இடம் என்பதைப் பிறப்பால் சொல்லாமல் வழமையாலும் நிபந்தனையாலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று குலோத்துங்கனை வைத்துக் கேளுங்க. பேச்சு தானாக வரும்.

வாவிக்கரை:

கடைசியாக ஒன்று. பரீட்சைக் காட்சிக்கு ஃபேனை எல்லாம் நிறுத்திவிடலாமா?

அக்கரை ஒலி:

சித்திரை வெயிலுக்குப் பிறகு 80 பேர் இருக்கிற அஸ்பெஸ்டஸ் மண்டபத்தில் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தால் விசிறத் தொடங்குவார்கள், அந்தச் சத்தம் ஃபேனை விட மோசம். படம் தொடங்கும்போதே ஆறையும் இரண்டாம் வேகத்தில் விடுங்க. அம்பிகாபதி சபைக்குள் வரும்போது ஒருவர் சுவிட்சடியில் நின்று ஒன்றுக்கு இறக்கட்டும். ஒலியை 3 டெசிபல் ஏற்றுங்க, அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பீக்கர் கத்தும். ஏற்ற வேண்டியது காப்புக்கு முன்னால், காப்பு முடிந்து இல்லை.